எழுதிக்கொடுத்த உயரம்

சதேந்திராவின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். கல்யாணம் பேசிய காலத்தில் ஒரு தாளில் அவனே அப்படி எழுதிக்கொடுத்தான். பதினாறு வருஷமாக அந்த எட்டு அங்குலத்தைக் கீழே விழாமல் காப்பாற்றி வருகிறான். நிஜத்தில் அவன் ஐந்தடி மூன்றரை, அதுவும் காலையில் எழுந்தவுடன் அளந்தால். மிச்சத்துக்கு ஷூ இருந்தது. தடித்த அடிப்பாகம் கொண்ட கறுப்பு ஷூவைத் தேடிப்பிடித்து வாங்குவான். குதிகால் பதியும் இடத்தில் உள்ளே ஒரு ரப்பர்க் கட்டையைத் திணித்துக்கொள்வான். வீட்டு வாசலில் செருப்பு ஷூ எல்லாம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிற ஜனம் அவனுடையது. அதனால் யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் கடைசி ஆளாக உள்ளே நுழைந்து முதல் ஆளாகப் பாயில் உட்கார்ந்துவிடுவான்.

சிட்னியின் மேற்கே, லிவர்பூல் பக்கம் அவன் பஸ் ஓட்டினான். ஓட்டுகிற வேலை அவனுக்கென்றே செய்து வைத்தது போல அமைந்தது. சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எவன் உயரம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியப்போகிறது?

மனைவி நிலேஷ்னி ஐந்தடி ஐந்து. ஃபிஜியில், சுவா நகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். அவள் அண்ணன்மார் மூன்று பேரும் பாலும் ஆட்டுக்கறியுமாக வளர்ந்து வாசற்படியை அடைத்துக்கொண்டு நிற்பவர்கள். பெண் பார்க்க ஹோட்டலில் சந்தித்தபோது ஷூ கைகொடுத்துவிட்டது. மணவறையில் எப்படிக் கைகொடுக்கும்? வெறுங்காலோடு பெண் பக்கத்தில் வந்து நின்றபோது இரண்டு வீட்டாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. பெரிய மைத்துனன்தான், "மாப்பிள்ளைக்கு ஒரு பலகை போடுங்கப்பா, போட்டோல தலை தெரியணும்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சதேந்திராவும் சிரித்தான், அதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? நிலேஷ்னி அன்று குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. எவ்வளவு அடக்கமான பெண் என்று கிழவிகள் மெச்சிக்கொண்டார்கள். அடக்கமுமில்லை, வெட்கமுமில்லை, அவள் தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அது சதேந்திராவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவளும் பேசவில்லை. குதிகால் வைத்த செருப்பு ஒன்றுகூட அவளிடம் கிடையாது.

இவர்களுக்கு ஒரே பையன், ரிஷால். பதிமூன்று வயது முடிந்தும் நூற்று நாற்பது சென்டிமீட்டரிலேயே நின்றுகொண்டிருந்தான். வகுப்பில் பெண்பிள்ளைகள் உட்பட எல்லோரையும் விடக் குள்ளம். அவனுடைய சிநேகிதன் டெவிட்டா டோங்காத் தீவுக்காரன், பதிமூன்று வயதிலேயே சவரம் பண்ணுகிறவன். அவன் ரிஷாலுக்குக் 'கீ செயின்' என்று பேர் வைத்தான். இடுப்பில் மாட்டிக்கொண்டு போகலாமாம். கெட்ட எண்ணத்தில் வைத்ததில்லை, ஆனாலும் பேர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்து ரக்பி அணித் தேர்வுக்குப் போனபோது வாத்தியாரே, "கீ செயின், நீ தண்ணி பாட்டில் பாத்துக்கிறியா?" என்று கேட்டாராம். அன்று வீட்டுக்கு வந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம் வரை திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பிஜேன் அண்ணன் வீட்டு கராஜில் ஃபிஜியிலிருந்து வந்த இந்தியர்கள் கூடுவார்கள். பாய் விரித்து, நடுவில் யங்கோனா என்கிற லேசான போதை வேரைக் கரைத்த பேசின், கைக்குக் கை மாறும் சிரட்டை, தொட்டுக்கொள்ள மிளகாய் போட்ட மரவள்ளி வறுவல். நாக்கு மரத்துப்போன பிறகுதான் அங்கே பேச்சு சூடு பிடிக்கும்.

"என்ன சதேன், உன் பையன் இன்னும் தரையோட தரையாவே இருக்கான்?" என்றார் பிஜேன்.

"வளருவான் அண்ணே. என்ன அவசரம் இப்ப?"

"கூடப் படிக்கிற டோங்காப் பயலுவளப் பாரு, சமோவாப் பயலுவளப் பாரு. இந்த வயசுலயே நிலைப்படில தலை இடிக்குது. நம்ம ரத்தம் அப்படி இல்லப்பா. இந்தியக்காரன் உடம்பு இவ்ளோதான். அந்தக் காலத்துல கரும்பு வெட்டக் கப்பல்ல ஏத்தும்போதே குட்டையாப் பாத்து ஏத்திட்டு வந்துட்டான் வெள்ளைக்காரன்."

"அதான் அண்ணே, ரத்தம்தான்" என்று சதேந்திரா உடனே ஒத்துக்கொண்டான். ரத்தம் என்று சொல்லிவிட்டால் யார் மேலும் பழி இல்லை. அதற்குப் பின்னால் இருப்பதை யாரும் கிளறமாட்டார்கள். கொஞ்சம் பொறுத்து, "நான் ஐந்தடி எட்டு வந்தேனே, அது எப்படியோ" என்றும் சேர்த்துக்கொண்டான்.

"உக்காந்திருக்கும்போது நீ ஆறடி தம்பி" என்றார் பிஜேன். கராஜே அதிர்ந்தது.

குடும்ப டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போன நாளில் நிலேஷ்னிக்கு முதியோர் இல்லத்தில் வேலை நாள். அதனால் சதேந்திராதான் பையனை அழைத்துப் போனான். பார்த்தது ஒரு இளம் டாக்டர், நேற்றுத்தான் படிப்பு முடித்தவன் போல முகம். ரிஷாலை நிற்க வைத்து அளந்தான், எடை பார்த்தான், கை எலும்பைப் படம் எடுக்கச் சொன்னான். பிறகு சதேந்திராவைப் பார்த்து, "நீங்களும் ஒரு நிமிஷம் ஷூவைக் கழட்டிட்டு வந்து நில்லுங்க, அப்பா அம்மா உயரத்த வெச்சுத்தான் பையன் எவ்ளோ வளரணும்னு கணக்குப் போடுவோம்" என்றான்.

சதேந்திராவுக்கு உள்ளங்கால் வரைக்கும் வியர்த்தது.

"கணுக்கால்ல சுளுக்கு டாக்டர். ஷூவக் கழட்டினா மறுபடி போட முடியாது. எனக்குத் தெரியும், நான் ஐந்தடி எட்டு."

"சரி, நூத்தி எழுபத்து மூணு. அம்மா?"

இங்கேதான் அவன் செய்த காரியம். பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அப்பாவைவிட அம்மா ஒரு விரற்கடை உயரம் என்பது வீட்டுக்குள் வெறுங்காலோடு நடமாடுகிற பையனுக்குத் தெரியாதா? தான் எட்டு என்றால் அவள் ஐந்து என்று எப்படிச் சொல்வது? பொய்யிலும் ஒரு நியாயம் வேண்டாமா? கட்டிய மனைவிக்கும் நாலு அங்குலம் கூட்டிப் போட்டான்.

"அவ ஐந்தடி ஒன்பது டாக்டர்."

"அடேயப்பா" என்றான் டாக்டர். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு தாளில் கோடு போட்டான். "அப்படின்னா இந்தப் பையன் நூத்தி எண்பது கிட்ட வரணும். இப்ப இருக்கிறது ரொம்பக் கீழ. இவ்வளவு வித்தியாசம் இருக்கக்கூடாது. வளர்ச்சிச் சுரப்பி சரியா வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பாத்துடணும்."

சதேந்திரா வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். ரிஷாலின் முகத்தைப் பார்த்ததுதான் காரணம். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவன் வருஷக்கணக்கில் பார்த்ததில்லை.

"பப்பா, நூத்தி எண்பதுன்னா டெவிட்டாவோட அப்பா அளவு" என்றான் ரிஷால், காரில் வரும்போது. "இப்ப எதுவோ அடச்சுக்கிட்டு இருக்கு, அதை எடுத்துட்டா போதும். இல்ல?"

"ம்" என்றான் சதேந்திரா.

"நல்லவேளை நீங்க ரெண்டு பேரும் உயரம்."

நிலேஷ்னியிடம், "ஏதோ சோதனை பண்ணணுமாம்" என்று மட்டும் சொன்னான். எண்களைச் சொல்லவில்லை. அவள் பையனின் தட்டில் இன்னொரு முட்டை வைத்தாள்.

சோதனை நாளிலும் அவனே போனான். நிலேஷ்னி லீவு போடுகிறேன் என்றதற்கு, "நீ எதுக்கு, நான் பாத்துக்கறேன்" என்று தடுத்துவிட்டான். அவள் வந்தால் எவளாவது ஒரு நர்ஸ், நீங்கள்தான் ஐந்தடி ஒன்பதா என்று கேட்டுவைப்பாளோ என்ற பயம். ரிஷால் முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. கையில் ஊசிக் குழாய் ஏற்ற நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். பிறகு சுரப்பியைத் தூண்டுகிற மருந்து. அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள்.

இரண்டாவது தடவை எடுத்தபின் பையனுக்கு முகம் வெளுத்தது. உதடு வெள்ளையாகி, நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்த்து, வெறும் வயிற்றிலிருந்து பச்சையாக வாந்தி எடுத்தான். எடுத்து முடித்ததும், "பரவாயில்ல பப்பா, தாங்கிக்குவேன்" என்றான். நர்ஸ், "கெட்டிக்காரப் பையன்" என்று தட்டிக்கொடுத்தாள். சதேந்திரா பையனின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து போய், அந்த எண்கள் தப்பு, நிறுத்துங்கள் என்று சொல்ல அரை நிமிஷம் ஆகாது. எழுந்தும் போனான். தாழ்வாரத்தில் காபி மெஷின் முன்னால் போய் நின்று, வேண்டாத காபி ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்குத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அப்படித் தோன்றியதைத் தவிர அவன் வேறெதுவும் செய்யவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. முடிவு அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. பெற்றோரின் உயரத்தைப் பார்க்கையில் இப்படியே விட முடியாது. இன்னொரு தடவை அதே மாதிரி சோதனை, தலைக்குள் ஒரு ஸ்கேன், அதற்கப்புறம் தேவைப்பட்டால் வருஷக்கணக்கில் தினமும் ஊசி. பெரிய டாக்டர் பேசுவார், தாய் தகப்பன் இரண்டு பேரும் வரவேண்டும்.

"ரெண்டு பேரும்னு போட்டிருக்கு" என்றாள் நிலேஷ்னி. "இந்தத் தடவ நான் வந்தே ஆவேன். மண்டைக்குள்ள ஸ்கேன் அது இதுங்கறாங்க, என்னதான் எழுதி வெச்சிருக்கானுங்க அந்த ஃபைல்ல?"

அன்று ராத்திரி சதேந்திரா அவளிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அடுக்களை வரைக்கும் போனான். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

பெரிய டாக்டரின் பெயர் ட்ரின். வியட்நாம்காரப் பெண்மணி. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாத அளவு குட்டை. ஆனால் அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சமும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. ஃபைலைப் புரட்டினார், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"இங்க அப்பா உயரம், அம்மா உயரம் ரெண்டும் 'தகப்பனார் சொன்னது'ன்னு போட்டிருக்கு. யாரும் அளக்கலையா?"

சதேந்திரா காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"சரி, முதல்ல அதைப் பண்ணிடலாம். அம்மா, நீங்க வாங்க."

நிலேஷ்னி செருப்பை உதறிவிட்டுப் போய்ச் சுவரோடு நின்றாள். மேலிருந்து பலகை இறங்கித் தலையைத் தொட்டது. "நூத்தி அறுபத்தஞ்சு" என்றார் டாக்டர். ஃபைலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இதுல நூத்தி எழுபத்தஞ்சுன்னு இருக்கே?"

"நானா?" என்றாள் நிலேஷ்னி. சிரிக்கப்போனவள், சதேந்திராவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஒரே பார்வையில் முழுக் கதையும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா?" என்றார் டாக்டர்.

"எனக்குக் கணுக்கால்ல..." என்று ஆரம்பித்தான் சதேந்திரா.

"இன்னும் சரியாகலையா பப்பா?" ரிஷால் எழுந்து வந்தான். "இரு, நான் கழட்டி விடறேன். மெதுவா எடுக்கறேன், வலிக்காது."

"விடு ரிஷால்" என்றாள் நிலேஷ்னி அவசரமாக. "பப்பாவே கழட்டுவாரு. நீ வா இங்க."

அதற்குள் பையன் தகப்பன் காலடியில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். கயிற்றை அவிழ்த்தான். ஒரு கையால் கணுக்காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஷூவை அங்குலம் அங்குலமாக இழுத்தான். அவ்வளவு பக்குவமாகச் சதேந்திரா தன் பையனை ஒருநாளும் தொட்டதில்லை. ஷூ வந்தது. அதோடு ரப்பர்க் கட்டையும் வந்து தரையில் விழுந்தது. நடந்து நடந்து பளபளத்துப்போன, சாம்பல் நிறக் கட்டை. ரிஷால் அதை எடுத்துப் பார்த்தான். முதலில் சுளுக்குக்கு வைத்தது என்றுதான் நினைத்திருப்பான். பிறகு இன்னொரு ஷூவைப் பார்த்தான், அதற்குள் விரலை விட்டுப் பார்த்தான். அங்கேயும் இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான் சதேந்திரா. மணவறையில் சிரித்தது மாதிரி தானும் கூடச் சிரித்துவிட்டுத் தப்பித்திருக்கலாம்.

போய் நின்றான். பலகை இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது.

"நூத்தி அறுபத்தொண்ணு" என்றார் டாக்டர்.

அவர் திட்டவில்லை. திரும்பிப் போய்க் கணக்கைப் புதிதாகப் போட்டார். பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "நல்ல சேதிதான்" என்றார். "இந்த உயரத்துக்குப் பாத்தா ரிஷால் நூத்தி எழுபது கிட்ட வந்தாப் போதும். எலும்புப் படத்துல அவன் எலும்பு வயசுக்கு ரெண்டு வருஷம் பின்னால இருக்கு, வளர இன்னும் நாள் இருக்கு. கொஞ்சம் தாமதமா வளர்ற பையன், அவ்வளவுதான். வியாதி எதுவும் இருக்கிறதா எனக்குத் தோணல. ரெண்டாவது சோதனை இப்ப வேண்டாம். ஸ்கேனும் வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து அளந்துட்டுப் போங்க."

நிலேஷ்னி கைகூப்பியே விட்டாள். ரிஷால் மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நூற்று எண்பது போய்விட்டது. டெவிட்டாவின் அப்பா போய்விட்டார்.

"அப்ப நானும் பப்பா மாதிரியேதானா?" என்றான்.

அந்தக் கேள்வி சதேந்திராவை அறைந்தது. கட்டை விழுந்ததைவிட, பலகை இறங்கியதைவிட அது வலித்தது. ரத்தம், ரத்தம் என்று கராஜில் சொல்லிக்கொண்டிருந்தது இப்போது பையன் தலையில் வந்து இறங்கிவிட்டது.

"உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்று டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். "அவங்க உயரம் எப்படி?"

"ஒரு தம்பி. அவினேஷ். ஃபிஜில, நாந்தியில இருக்கான்." சதேந்திரா தரையில் கிடந்த ஷூவைப் பார்த்தான். "அவன் நிஜமாவே ஐந்தடி ஒன்பது."

"ஒரே தாய் தகப்பனா?"

"ஒரே தாய் தகப்பன்தான்." ஊரில் இதே கேள்வியை இளித்துக்கொண்டு கேட்டவர்கள் உண்டு. இந்த அம்மாள் அப்படிக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

அவன் மனைவியைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தான். நிலேஷ்னி வீட்டாரிடம் அவன் சொல்லி வைத்திருந்த கதை வேறு. ஃபிஜியில் லம்பாசாப் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் கரும்புத் தோட்டம், தொழுவத்தில் ஆறு பசு, பாலில் கை கழுவிய வம்சம். ரிஷாலைப் பால் குடிக்க வைப்பதற்கும் தினமும் அந்த ஆறு பசுவும் வந்துபோகும்.

"எங்களுக்கு நிலம் கிடையாது" என்றான். "எங்கப்பா அடுத்தவன் கரும்ப வெட்டினவரு. வெட்டு இருக்கிற மாசங்கள்ல சாப்பாடு உண்டு. வெட்டு முடிஞ்சா அடுத்த வெட்டு வரைக்கும் மரவள்ளி. அவிச்சு உப்பப் போட்டுத் திங்கறது. அதுவும் ஒரு வேளை. இஸ்கூலுக்கு எல்லாப் பசங்களும் டப்பால ரொட்டி கொண்டாருவாங்க. நானும் டப்பா கொண்டு போவேன், உள்ள ஒண்ணும் இருக்காது. மத்தியானம் ஆனா அதத் தூக்கிக்கிட்டு ஓடைப் பக்கம் போயி ஒக்காந்துட்டு, தண்ணியக் குடிச்சுட்டு, வாயத் தொடச்சுக்கிட்டு வருவேன். சாப்பிட்டு வர்றாப்ல. ஏழு வருஷம் அப்படி நடிச்சேன், ஒரு பயலுக்கும் தெரியாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்குப் பதிமூணு வயசு இருக்கும்போது நாந்திக்கு வந்துட்டோம். அம்மாவுக்கு ஓட்டல் அடுக்களையில வேல கெடச்சது. அதுக்கப்புறம்தான் தம்பி பொறந்தான். முட்டை, பாலு, மிச்ச மீதி கோழி எல்லாம் வரும். எனக்கும் குடுத்தாங்க. ஆனா நான் அதுக்குள்ள... எனக்கு அது உடம்புல ஒட்டல. அப்பவும் நாலு வருஷம் தனியாப் போயித்தான் சாப்பிடுவேன், பழக்கம் போகல. தம்பி மளமளன்னு வளந்தான்." அவன் பையனைப் பார்த்தான். "ரத்தம் ஒண்ணுமில்லடா. அவினேஷ் சித்தப்பாவப் பாரு, அதான் நம்ம ரத்தம். நான் பட்டினியில நின்னு போனவன். நீ அப்படி இல்ல. உனக்கு உங்கம்மா ஒரு வேள தவறாம சோறு போட்டிருக்கா."

டாக்டர் ட்ரின், "அப்பா சொல்றது சரி" என்றார் ரிஷாலிடம். "சின்ன வயசுல சாப்பாடு இல்லாம குறைஞ்ச உயரம் பிள்ளைக்கு அப்படியே போய்ச் சேராது. நான் போட்ட நூத்தி எழுபதுங்கறது ஒரு கணக்கு, அவ்வளவுதான். நீ அதுக்கு மேலயும் போகலாம். எங்கப்பாவும் அகதி முகாம்ல பட்டினியோட வளர்ந்தவர், என் தம்பி அவர விட ஒரு தலை உயரம்."

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் அடுத்த தேதிச் சீட்டுக்காகக் காத்திருந்தார்கள். சதேந்திரா ஷூவைப் போட்டிருந்தான். கட்டைகளைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டதால் ஷூ பெரிதாகிக் கால் உள்ளே ஆடியது. பக்கத்தில் நிலேஷ்னி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு வருஷமாங்க?" என்றாள்.

"ம்."

"என் கிட்டச் சொன்னா நான் என்ன தூக்கியா போட்டிருப்பேன்? ஐந்தடி ஒன்பதாம்! எங்க அண்ணனுங்களே அவ்ளோ இல்ல. ஒரேயடியா ஏத்திட்டீங்களே என்ன!" அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சதேந்திராவுக்கு நெஞ்சு இளகியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு மூச்சு முழுதாக உள்ளே போனது. பதினாறு வருஷமாகச் சுமந்ததை இறக்கி வைத்தாயிற்று, வெட்கப்பட வேண்டியதெல்லாம் பட்டு முடித்தாயிற்று என்று நினைத்தான். திரும்பி, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பையனின் தோளில் கை போட்டான்.

ரிஷால் முழங்கையின் மடிப்பில், முன்பு ஊசி குத்திய இடத்தை, விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"பப்பா."

"சொல்லு ராஜா."

"அன்னிக்கு எனக்கு ஊசி போட்டாங்கல்ல. நான் வாந்தி எடுத்தேன்ல. நீ என் கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தே." கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான். "அந்த நம்பர் பொய்யின்னு அப்ப உனக்குத் தெரியும்ல?"

ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நல்ல பொய்தான், பையன் நம்பியும் இருப்பான். சதேந்திரா அதை விழுங்கினான்.

"தெரியும்" என்றான்.

ரிஷால் தலையாட்டினான். தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்துத் தகப்பன் மடியிலேயே வைத்துவிட்டு, எழுந்து போய் அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டான்.